ஒப்பாரியை வெட்டியவன்

கணவனை இழந்த ஒரு பெண் பந்தலில் அழுத அழுகையை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, எனக்கு வேண்டிய இடத்தில் வெட்டி, ஊருக்குக் காட்டினேன். பிறகு உலகத்துக்கும் காட்டினேன். வெட்டும்போது எதை விடுகிறேன் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

நான் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு உத்தமபாளையத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தேன். மருமகன் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறு வாக்கில் மொட்டைமாடியில் ஒரு பெரிய டிஷ்ஷை நிறுத்தி, மின்கம்பத்துக்கு மின்கம்பம் வயரை இழுத்துத் தொடங்கிய தொழில். நான் வந்து சேர்ந்தபோது அவருக்கென்று ஒரு லோக்கல் சேனல் இருந்தது. நகைக்கடை விளம்பரம், யார் வீட்டுக் காதுகுத்து, வீரபாண்டித் திருவிழா, போன் போட்டுக் கேட்டால் ஒரு பாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரத்தை என்னிடம் கொடுத்தார். பள்ளத்தாக்கின் பழைய கல்வெட்டு, பெரியாற்றுத் தண்ணீர் வந்த கதை என்று பேசுவேன். யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கே தெரியும்.

அதே காலத்தில்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போகப் பழகினேன். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து பார்த்தால், இன்டர்நெட்டில் பாதி டிவியாக இருந்தது. யாரோ சீரியலில் அழுத துண்டு, யாரோ மேடையில் தடுக்கி விழுந்த துண்டு. முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் வீட்டுக்கு வந்து டிவியையும் அப்படியே கேட்டார்கள். மருமகன் ஒருநாள் சொன்னார்: "மாமா, அரைமணி நேரம் எவனும் உக்காந்து பாக்க மாட்டேங்கறான். நெட்டுல வர்ற மாதிரி மூணு நிமிசத்துல நச்சுன்னு ஏதாவது பண்ணுங்க. இல்லைன்னா அந்த நேரத்த நகைக்கடைக்காரருக்குக் கொடுத்துருவேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று நிமிடத்தில் எதைக் காட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாவு விழுந்தது.

இராயப்பன்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். இறந்தவர் சிறு விவசாயி. சிறுநீரகம் கெட்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறாமல் திரும்பியவர். அவர் மனைவிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரை இங்கே தங்கை என்றே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை அவருக்கும் அவர் அண்ணனுக்கும் நடுவில் நடந்தது. அண்ணன் சுருளி ஆற்றுப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர். தங்கை மகளை அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் பேச்சு முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொட்டு முழங்கக் கொண்டுவருவார்கள். கோடி பந்தலுக்குள் நுழையும்போது அந்தப் பெண் பிறந்த வீட்டை வைது பாடுவாள். வைய வேண்டும். உண்மையோ பொய்யோ, அவள் வாயில் வந்ததைச் சொல்லலாம். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். அப்புறம் கோடி அவள் தோளில் விழும். விழுந்ததும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் செய்ததையெல்லாம் சொல்லி அழுவாள். பிணம் எடுத்த பிறகு அந்த வசவை ஒருவரும் வாயில் எடுக்கக்கூடாது. கூடப்பிறந்தவர்களுக்குள் வருஷக்கணக்கில் கட்டிக்கிடந்தது அந்த ஒரு நாளில் கரைந்துபோவதை நானே பல பந்தல்களில் பார்த்திருக்கிறேன்.

அன்று தங்கை பாடியது இது:

கொடிக்குக் காவல் நின்னீக – எங்கண்ணே
குருவி வெரட்டி நின்னீக
தங்கச்சி தாலிக்கு – எங்கண்ணே
தனியா ஒரு காவலுன்னு
எட்டிப் பாக்க வரலையே – எங்கண்ணே
என்னப் பெத்த சீமையில

அண்ணன் வராமல் இல்லை. அறுவடை நேரத்தில் திராட்சைப் பந்தலில் பழத்தை விட்டுவிட்டு மதுரையில் போய்க் கிடந்தவர். மழையில் பழம் வெடித்துக் கொட்டியது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கோடி விழுந்ததும் தங்கையே அதைப் பாடினார்:

மருத பெரியாஸ்பத்திரி – எங்கண்ணே
மாடிப்படி நீங்க அறிவீக
கால்மாட்டில் கண்முழிச்ச – எங்கண்ணே
கையெடுத்துக் கும்பிடுறேன்

போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் வீடியோவில் எடுத்திருந்தார். சாவுக்கு வீடியோ எடுப்பது அப்போது வழக்கமாகிவிட்டது. நான் அவரிடம் டேப்பை வாங்கி, அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் பகுதி கத்தி மாதிரி இருந்தது. இரண்டாம் பகுதியில் எல்லோரும் கும்பலாகக் கட்டிப்பிடித்து அழுதார்கள். முகம் தெரியவில்லை, குரலும் கலங்கியிருந்தது.

"கோடி விழுறதுக்கு முன்னாடியே நிறுத்திருங்க" என்றேன்.

ஸ்டுடியோக்காரர் தயங்கினார். "சார், அத விட்டா அண்ணங்காரரு ஒண்ணும் செய்யாத ஆளு மாதிரில்ல தெரியும்?"

"பாக்குறவங்களுக்குத் தெரியாதா? நம்ம ஊர்ச் சனங்கதானே" என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓடியது. என் வாழ்நாளில் முதல்முறையாக, மறுபடி போடச் சொல்லி சேனலுக்குப் போன் வந்தது. கடையில், பஸ்ஸில், என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் அதைப் பற்றியே பேசினார்கள். அந்த வாரமே அதை ஒரு சிடியில் வாங்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். வீடியோ ஏற்றும் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கி, கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து ஏற்றினேன். கம்பம் பள்ளத்தாக்கு ஒப்பாரி என்று தலைப்பும் கொடுத்தேன்.

முதலில் வந்தவை அழுகைகள்தான். மலேசியாவிலிருந்து, துபாயிலிருந்து, அம்மா ஞாபகம் வந்தது என்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். பிறகு ஒருவன் அண்ணனைத் திட்டி எழுதினான். அடுத்தவன் அதைவிடக் கேவலமாக எழுதினான். அண்ணன் மதுரையில் கிடந்தவர் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அவர்கள் திட்டத் திட்ட, பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. நான் தினமும் மாடி ஏறிப் போய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இறங்குவேன்.

சில வாரத்தில் அதே முகம் வேறு பெயர்களில் வரத் தொடங்கியது. ஒன்றில் பிணத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். இன்னொன்றில் சுற்றி நின்ற பெண்களும் இல்லை, வாய் திறந்த முகம் மட்டும். அப்புறம் குரலுக்கு அடியில் டிரம்ஸ் அடித்து ஒரு குத்துப்பாட்டு. இது இனி என் கையில் இல்லை என்று அப்போதே புரிந்தது. ஆனாலும் எடுத்துவிடத் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து போன் வந்தது. ஒரு பெரிய சேனல், பேசியது இளம்பெண்.

"சார், நெட்ல பாத்தோம். பயங்கர ஹிட் சார். கிளியரா ஒரிஜினல் கிடைக்குமா? இணையத்துல கலக்கினதை எல்லாம் தொகுத்து ஒரு ஷோ பண்றோம். உதவின்னு உங்க பேர் போடுவோம்."

"அனுப்புறேம்மா."

"இதுக்கப்புறம் ஏதாவது இருக்கா சார்? டக்குனு முடியுதே."

"இல்லம்மா. அவ்வளவுதான்."

அவர் கேட்டார். நான் இல்லை என்றேன். இந்த நினைவுகளில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த இடத்தில்தான்.

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை மாலையில் வந்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தங்கையின் முகம் வந்தது, கீழே ஓரத்தில் என் பெயர் ஓடியது. என் கண் முதலில் பெயரைத்தான் பார்த்தது. அதற்குப் பிறகுதான் பின்னணியில் சிரிப்பொலி போட்டிருக்கிறார்கள் என்பது காதில் விழுந்தது. தொகுப்பாளர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, "கொடிக்குக் காவல் நின்னீக" என்று பாடிக்காட்டினார். என் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மருமகன் என்னைப் பார்க்காமல் சேனலை மாற்றினார்.

மறுநாளே அந்த நிகழ்ச்சியை டிவி முன்னால் செல்போனை நீட்டி எடுத்து, சிரிப்போடு சேர்த்து நெட்டில் ஏற்றியிருந்தார்கள். அடுத்த வாரம் அதற்கு வந்த கேலிகளை டிவியில் வாசித்தார்கள். டிவி சிரித்தால் நெட் சிரித்தது, நெட் சிரித்ததென்று டிவி மறுபடி சிரித்தது. பங்குனிப் பொங்கலில் ஓர் ஊரில் ஆடலும் பாடலும் குழுவினர் அதை மேடையில் நடித்தார்கள். அந்த ஊரிலிருந்து தங்கையின் ஊர் கூப்பிடு தூரம்தான்.

தங்கை ஒருநாள் மருமகனின் கேபிள் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். மகளைக் கூட்டி வந்திருந்தார். மருமகன் இல்லை, நான்தான் இருந்தேன்.

"சார், அத நிப்பாட்டச் சொல்லுங்க."

"எதம்மா?"

"நான் அழுகுறத."

"நம்ம சேனல்ல அது எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா."

"பின்ன எங்கன இருந்து வருது? பஸ்ஸுல ஒருத்தன் போனு அடிச்சா நான் அழுகுறேன் சார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக என்னையப் பாத்து அண்ணே அண்ணேங்குதுக."

"அது இன்டர்நெட்டும்மா. ஒரு இடத்துல இருக்காது."

அவர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஒரு எடத்துல இல்லைன்னாலும், மொத மொதப் போட்ட ஆளுன்னு ஒருத்தரு இருப்பாகல்ல?"

நான் எழுந்தேன். மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டி வைத்தேன். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். அன்று மாலை போய் என் கணக்கிலிருந்த வீடியோவை அழித்தேன். தேடிப் பார்த்தால், பக்கம் பக்கமாக மற்றவர்கள் ஏற்றியவை நின்றன. ஒன்றுகூடக் குறைந்த மாதிரி தெரியவில்லை.

அந்த வீடியோவுக்குப் பிறகு அண்ணனை நான் முதலில் தேனி மார்க்கெட்டில் பார்த்தேன். வேறு வேலையாகப் போயிருந்தேன். பழப்பெட்டிகளை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். கமிஷன் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "வாங்க கொடிக்காவலு. இன்னைக்குக் குருவி எம்புட்டு தின்னுச்சு?"

"விடப்பா, நீ பாட்டுக்கு ஏதாவது பேசுனா தங்கச்சி பாட்டெடுத்துரும்" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைசிப் பெட்டியைத் தூக்கியவர், அதை எங்கே வைப்பதென்று மறந்ததுபோல் அப்படியே நின்றார். நான் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அதற்குள் கல்யாணப் பேச்சு முறிந்திருந்தது. அண்ணன் மகன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். கூட வேலை பார்த்தவர்கள் அந்தக் குத்துப்பாட்டைத் தங்கள் போனில் வைத்து அவன் வரும்போதெல்லாம் ஒலிக்கவிட்டார்களாம். அந்த வீட்டுப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அண்ணன் மகனை அடக்கவில்லை. வருஷம் முழுக்க ஒரு பொய்யை ஊர் வாயில் கேட்டவருக்கு, தங்கை அதை மனதார நினைத்துத்தான் சொன்னாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது. தங்கைக்கோ, பந்தலோடு மறக்க வேண்டிய வசவை அண்ணன் மனதில் வைத்துக்கொண்டுவிட்டார் என்ற வருத்தம். போக்குவரத்து நின்றது.

நான் ஸ்டுடியோவிலிருந்து முழு டேப்பையும் சிடியாகப் போட்டு வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். செய்ததையெல்லாம் சொன்னேன். வெட்டியது, ஏற்றியது, சென்னைக்கு அனுப்பியது, இல்லை என்று சொன்னது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். காபி வந்தது. சிடியை நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு சார் இது? நான் அங்கனதானே நின்னேன்? சிரிச்சாகல்ல, அவுகளுக்குக் காட்டுங்க."

சரியான வார்த்தையாகப் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோக்கல் சேனலில் நான் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி, இருவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். பிறகு வெட்டாமல் முழுவதையும் போட்டேன். கோடி விழுந்தது, தங்கை அண்ணனைக் கட்டிக்கொண்டது, அண்ணன் வாய்விட்டு அழுதது. பெரிய மீசையும் கனத்த உடம்புமாக அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். பார்த்தவர்களில் சிலர் போன் செய்து, நல்ல காரியம் செய்தீர்கள் சார் என்றார்கள். ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு அண்ணனின் முகம் நெட்டில் வந்தது. எங்கள் சேனலில் ஓடியதை யாரோ போனில் எடுத்து ஏற்றியிருந்தார்கள். இப்போது மீசையும் திறந்த வாயும் மட்டும். அதற்கு அடியில் அதே டிரம்ஸ். சென்னைச் சேனலில் தொகுப்பாளரும் இன்னொருவருமாக அண்ணன் தங்கை வேஷம் போட்டு அழுதார்கள். கைகூப்பிய என்னையும் நடுவில் ஒரு நொடி காட்டினார்கள். நான் போன் செய்தேன். வேறு யாரோ எடுத்தார்.

"செகண்ட் பார்ட்டும் உங்க ஊர்லருந்துதானே சார் வந்துச்சு? செம ரெஸ்பான்ஸ்."

"அத நிறுத்துங்க தம்பி. ஒரு குடும்பம் அழிஞ்சுக்கிட்டிருக்கு."

"நாங்க நெட்ல இருந்துதான் சார் எடுக்கிறோம். அங்க போய் எடுக்கச் சொல்லுங்க."

தங்கையிடம் வசவு வாங்கியவர் என்று சிரித்த ஊர், இப்போது அழுத ஆம்பளை என்று சிரித்தது. அண்ணன் மார்க்கெட்டுக்கு வருவதை நிறுத்தினார். பழத்தைத் தோட்டத்திலேயே வியாபாரிக்கு விட்டுவிட்டார்.

இரண்டாயிரத்துப் பத்தில் அவர்களுடைய தகப்பனார் இறந்தார். வயதாகிப் படுக்கையில் கிடந்தவர். செய்தி கேட்டதும் எனக்குள் எழுந்தது துக்கமில்லை, ஆசை. தங்கை பிறந்த வீட்டுக்கு வந்தே தீர வேண்டும். வந்தால் அப்பனைச் சொல்லி அழுவார், அந்த அழுகையில் அண்ணனையும் இழுப்பார், வைவார், அவர் குனிந்து நிற்பார், தீர்ந்துபோகும். அதற்கு வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அண்ணன் வீடியோக்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

போனால் பந்தல் நிறைய இளைஞர்கள். எல்லோர் கையிலும் கேமரா வைத்த போன். தங்கை வரப்போகிறார் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நான் பந்தல் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னேன்: "தம்பி, போனைப் பையில வைங்க. எழவு வீடுப்பா."

முதல் இரண்டு மூன்று பேர் வைத்தார்கள். அப்புறம் ஒருவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"ஏலே, மன்னிப்புத் தாத்தாடா."

"எங்கடா?"

"இந்தா நிக்கிறாகல்ல. தாத்தா, ஒருக்கா கையெடுத்துக் கும்பிடுங்க."

பையில் போன போன்கள் வெளியே வந்தன. நான் கையை ஆட்டித் தடுத்தேன், அதையும் எடுத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு வளையமாகப் போன்கள் உயர்ந்து நின்றபோது, பின்னால் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. தங்கை இறங்கினார். அவர் முதலில் பார்த்தது உயர்ந்திருந்த அந்தக் கைகளைத்தான். அவை அவருக்காக உயர்ந்தவை அல்ல. ஆனால் அவர் பக்கம் திரும்பின.

அவர் நேராக உள்ளே போய்த் தகப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பெண்கள் இடம்விட்டு வட்டம் கட்டினார்கள். ஒருத்தி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்: "ஏத்தா, வாயத் தொறந்து அழுத்தா. ஒங்கப்பன்ல கெடக்காரு." தங்கை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் எழுந்து வந்தார். பிணத்துக்கு இந்தப் பக்கம், தங்கைக்கு நேர் எதிரே நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். ஒருவர் வசவு வாங்க நிற்பது எப்படியென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் அப்படி நின்றார். கொட்டுக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தினார்கள். தங்கை அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் உயர்ந்திருந்த போன்களைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். முந்தானை வாயிலேயே இருந்தது.

நேரமாகிறது என்று பெரியவர்கள் சொல்ல, தூக்கினார்கள்.

தங்கை குளித்துவிட்டு, ஈரச்சேலையோடு, வீட்டுக்குள் கால் வைக்காமல் பஸ்ஸுக்குப் போனார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அண்ணன் திராட்சைப் பந்தலுக்கடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே பயமாக இருந்தது.

"ரெண்டு வசவு வஞ்சுட்டுப் போயிருக்கலாம் சார்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த வருஷமே தங்கை மகளுக்குக் கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் ஆயிற்று. எனக்கு அழைப்பில்லை, இருக்க வேண்டியதுமில்லை. தாய்மாமன் நின்று மாலை போட வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை நிறுத்தினார்களாம். அண்ணன் அன்று முழுக்கத் தோட்டத்தில் இருந்ததாகச் சொன்னார்கள்.